பிக்கப் வண்டியின் பின் ஷாக் அப்சார்பர் மாற்றுவது: வாங்குவதிலிருந்து கடைசி நட் வரை

பின் ஷாக் மாற்றுவது பெரிய வேலை இல்லை. ஒரு பக்கத்துக்கு மேலே ஒரு நட், கீழே ஒரு நட். இரண்டு பக்கமும் சேர்த்து நாலே நட்டுதான். ஆனாலும் புது ஷாக் போட்ட சில மாதத்திலேயே "டக் டக்" என்று சத்தம் கேட்டு மறுபடி ஒர்க்‌ஷாப் வாசலில் நிற்பவர்கள் நிறையப் பேர். பெரும்பாலும் ஷாக் மேல் குற்றம் இருக்காது, மாட்டிய விதத்தில்தான் இருக்கும். என் பொலிரோ பிக்கப்பில் இந்த வேலையை ஒர்க்‌ஷாப்பில் விட்டும் பார்த்தேன், அப்புறம் நானே அடியில் படுத்தும் செய்தேன். இங்கே சொல்வது அந்த வண்டியை வைத்துத்தான். பின்னால் பட்டையும் (அடுக்கடுக்கான இரும்புத் தகடு ஸ்பிரிங்) பக்கத்துக்கு ஒரு ஷாக்கும் உள்ள மற்ற பிக்கப்புகளுக்கும் ஏறக்குறைய இதே முறைதான். நீங்களே செய்யாவிட்டாலும் படித்துவிட்டுப் போங்கள். மெக்கானிக் பக்கத்தில் நின்று எதைக் கவனிப்பது என்றாவது தெரியும்.

1. கெட்டது ஷாக்தானா?

பாரத்தைச் சுமப்பது பட்டை, ஷாக் இல்லை. பட்டை அமுங்கி எழும்போது அந்த ஆட்டத்தை அடக்குவது மட்டும்தான் ஷாக்கின் வேலை. உள்ளே இருக்கிற ஆயில் சின்னத் துளைகள் வழியாகப் போய் வரத் திணறும். அந்தத் திணறல்தான் ஆட்டத்தை நிறுத்துகிறது. அதனால் வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றாலோ, கொஞ்சம் லோடு ஏற்றியதுமே பின்பக்கம் படுத்துவிட்டாலோ ஷாக் மாற்றிப் பிரயோசனம் இல்லை. நேராக ஸ்பிரிங் பட்டறைக்குப் போங்கள். "ஷாக் மாத்துனா வண்டி தூக்கிக்கும்" என்று சொல்கிற கடைக்காரரை நம்பிப் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

ஷாக் போனதற்கான அடையாளங்கள் இவை. காலி வண்டியில் பாலத்து இணைப்பு, வேகத்தடை தாண்டும்போது பின்பக்கம் ஒருமுறை எழுந்து அடங்காமல் இரண்டு மூன்று தடவை குதிக்கும். வளைவில் ஒரு பள்ளம் வந்தால் பின்பக்கம் அரை அடி தள்ளிப் போகிற மாதிரி இருக்கும். பின் டயரை உள்ளங்கையால் தடவிப் பார்த்தால் தேய்மானம் சீராக இருக்காது, மேடும் குழியுமாகத் திட்டுத் திட்டாகத் தட்டுப்படும். ஷாக்கின் உடம்பில் ஆயில் வழிந்து, அதன் மேல் புழுதி ஒட்டி, கறுப்புச் சேறு மாதிரி அப்பியிருக்கும். லேசாக ஈரம் படர்ந்தது போல இருந்தால் பயப்பட வேண்டாம், அது சீலிலிருந்து வருகிற சாதாரணக் கசிவு. வழிந்து சொட்டினால்தான் கதை முடிந்தது.

கார்க்காரர்கள் மூலையை அமுக்கிவிட்டுப் பார்ப்பார்களே, அது பிக்கப்பில் எடுபடாது. காலி வண்டியில் பட்டை அவ்வளவு விறைப்பாக இருக்கும், ஆள் பலத்துக்கு அசையாது. அதற்குப் பதிலாக ஒரு சுலபமான சோதனை இருக்கிறது. மேடு பள்ளமான ரோட்டில் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் ஓட்டுங்கள். நிறுத்திய கையோடு இரண்டு பின் ஷாக்கின் கீழ்ப்பாதியையும் தொட்டுப் பாருங்கள். வேலை செய்கிற ஷாக் ஆட்டத்தை வெப்பமாக மாற்றுவதால் வெதுவெதுப்பாக இருக்கும். ஒன்று சூடாகவும் இன்னொன்று சில்லென்றும் இருந்தால், சில்லென்று இருப்பது வெறுமனே தொங்கிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். தொடும்போது சைலன்சர் குழாயில் கை பட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

வெறும் "டக் டக்" சத்தம் மட்டும்தான் பிரச்சினை என்றால் அவசரப்படாதீர்கள். ஷாக் புஷ் (ஷாக்கின் முனை வளையத்துக்குள் உள்ள ரப்பர்), ஷேக்கிள் புஷ் (பட்டையின் முனையைச் சேசிசோடு சேர்க்கும் இணைப்பில் உள்ளது), தளர்ந்த யூ போல்ட் (பட்டையைப் பின் அச்சோடு, அதாவது ஆக்சிலோடு, கட்டுவது), உடைந்த மெயின் பட்டை, நான்கும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் சத்தம் போடும். ஷாக்கைக் கையால் பிடித்து ஆட்டிப் பாருங்கள். புஷ் மட்டும் தேய்ந்திருந்து, ஷாக்கில் கசிவும் இல்லாமல் இருந்தால், புஷ்ஷை மட்டும் மாற்றிச் சில நூறு ரூபாயில் முடித்துவிடலாம்.

2. எந்த ஷாக் வாங்குவது, எவ்வளவு ஆகும்

இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். ஒன்று புதுசு, ஒன்று பழசு என்றால் பின்பக்கம் ஒரு பக்கம் சீக்கிரம் அடங்கும், மறுபக்கம் ஆடிக்கொண்டே இருக்கும். வளைவில் அது உங்களுக்கே தெரியும்.

கடையில் "பொலிரோ பிக்கப் பின் ஷாக்" என்று மட்டும் கேட்காதீர்கள். 1.3 டன், 1.7 டன் என்று ஒரே பெயரில் பல வகை ஓடுகிறது, வருடத்துக்கு வருடமும் மாறியிருக்கிறது. ஆர்.சி. நகலைக் கையில் வைத்துக்கொண்டு சேசிஸ் எண்ணைச் சொல்லிப் பார்ட் நம்பரை உறுதி செய்யச் சொல்லுங்கள். முடிந்தால் பழைய ஷாக்கையே கொண்டுபோய்ப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பார்க்க வேண்டியது மூன்று அளவு: முழுக்க இழுத்தால் எவ்வளவு நீளம், முழுக்க அமுக்கினால் எவ்வளவு நீளம், வளையத்தின் உள்துளை எவ்வளவு. இழுத்த நீளம் குறைவாக இருந்தால் ஆக்சில் கீழே இறங்கும்போதெல்லாம் ஷாக்கே பிடித்து நிறுத்தும். வளையமோ பிராக்கெட்டோ பிய்யும். அமுக்கிய நீளம் கூடுதலாக இருந்தால் லோடில் பம்ப் ரப்பர் (ஆக்சில் சேசிசில் இடிக்காமல் தடுக்கும் ரப்பர்) தட்டுவதற்கு முன்னாலேயே ஷாக் முட்டும். இரண்டாவது ரகம்தான் அதிகம் நடக்கிறது, "இதுவும் உக்காரும் சார்" என்று கொடுத்துவிடுவார்கள்.

ஆயில் ஷாக், கேஸ் ஷாக் என்று இரண்டு வகை வரும். கேஸ் ஷாக்கில் ஆயிலோடு நைட்ரஜனும் இருக்கும். தொடர்ந்து மோசமான ரோட்டில் ஓடும்போது ஆயில் நுரைத்துப் பிடிப்புக் குறையாமல் அது தடுக்கும். தினமும் கல்லும் மண்ணும் நிறைந்த பாதையில் நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓட்டுகிறவருக்குக் கேஸ் ஷாக் லாபம். காய்கறி மார்க்கெட்டுக்கும் கடைக்கும் நடுவே ஓடுகிற வண்டிக்கு ஆயில் ஷாக்கே போதும் என்பது என் எண்ணம்.

விலை ஊருக்கும் கம்பெனிக்கும் தக்கபடி மாறும். நான் விசாரித்தபோது ஒரு ஷாக் ஏறத்தாழ 1,000 முதல் 2,000 ரூபாய்க்குள் சொன்னார்கள். கேஸ் ஷாக் அதற்கும் மேல். மாட்டுக்கூலி இரண்டுக்கும் சேர்த்து 500, 600 ரூபாய். இதோடு புது நைலாக் நட் (உள்ளே நைலான் வளையம் உள்ள, எளிதில் தளராத நட்), வாஷர், தேவைப்பட்டால் போல்ட் என்று ஒரு 200 ரூபாய் ஒதுக்கி வையுங்கள். பழைய நட்டையே திரும்பப் போடுவது இந்த வேலையிலேயே மட்டமான சிக்கனம்.

சென்னையில் இருப்பவர்கள் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் நாலு கடை ஏறி இறங்கினால் விலை பிடிபட்டுவிடும். புதுப்பேட்டையில் பழைய பாகம் மலிவாகக் கிடைக்கும், ஆனால் ஷாக்கை மட்டும் அங்கே வாங்காதீர்கள். கறுப்புப் பெயின்ட் அடித்துத் துடைத்து வைத்த பழைய ஷாக்குக்கு உள்ளே சீலும் வால்வும் எந்த நிலையில் இருக்கின்றன என்பது யாருக்கும் தெரியாது. புது ஷாக்கிலும் போலி உண்டு. பெட்டியில் உள்ள பார்ட் நம்பரும் ஷாக்கின் உடம்பில் உள்ள நம்பரும் ஒத்துப்போகிறதா, வெல்டிங் சீராக இருக்கிறதா, உள்ளே போய் வருகிற ராடு கண்ணாடி மாதிரி பளபளக்கிறதா என்று கடையிலேயே பாருங்கள்.

3. பில், வாரண்டி, எஃப்.சி.

பில் இல்லாமல் வாங்கினால் வரி மிச்சம் என்பார்கள். வாரண்டியும் அதோடு போய்விடும். பில்லில் கம்பெனி பெயர், பார்ட் நம்பர், வண்டி எண், தேதி நான்கும் இருக்கட்டும். மாட்டிய அன்றைய கிலோமீட்டரை அதன் மேலேயே பேனாவால் எழுதி, வண்டியோடு சேர்த்து ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். பில் கைமாறி, எண்ணெய் பட்டு, எழுத்து அழிந்துபோவது சகஜம். ஆயில் கசிந்தால் வாரண்டி கேட்கலாம். ராடில் இடுக்கி பிடித்த கீறலோ, உடம்பில் அடிபட்ட நெளிவோ இருந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

2025 செப்டம்பர் 22 முதல் வாகன உதிரி பாகங்களுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம். முன்பு ஷாக்குக்கு 28 சதவீதம் இருந்தது. பழைய விலைப்பட்டியலைக் காட்டுகிற கடையில் இதைச் சொல்லிப் பேசலாம். ஜி.எஸ்.டி. பதிவு வைத்துத் தொழில் செய்கிறவர்கள் தங்கள் எண்ணைப் பில்லில் போடச் சொல்லுங்கள். சரக்கு வண்டியின் உதிரி பாகத்துக்குக் கட்டிய வரியைக் கழித்துக்கொள்வது பற்றி ஆடிட்டர் சொல்வார்.

தேய்ந்துபோன ஷாக்குக்கு இன்சூரன்சில் பணம் கிடைக்காது, தேய்மானத்தை எந்தப் பாலிசியும் ஏற்பதில்லை. சரக்கு வண்டிக்கு எட்டு வருடம் வரை இரண்டு வருடத்துக்கு ஒருமுறையும், அதற்கு மேல் வருடா வருடமும் எஃப்.சி. (வண்டித் தகுதிச் சான்று) பார்க்க வேண்டும். ஆயில் ஒழுகுகிற ஷாக்கோடு போய் நிற்பதைவிட ஒரு மாதம் முன்னாலேயே மாற்றி, ஓட்டிப் பார்த்து, மறுபடி இறுக்கிவிட்டுப் போவது நல்லது.

4. எந்த நாள், எந்த இடம்

ஞாயிற்றுக்கிழமை வண்டி சும்மா நிற்கிறது என்று அன்றைக்கு ஆரம்பிக்காதீர்கள். போல்ட் முறிந்தால் ஸ்பேர்ஸ் கடையும் இருக்காது, லேத்தும் திறந்திருக்காது, திங்கள்கிழமை லோடு போச்சு. வார நாளில் காலையிலேயே தொடங்குங்கள். ஆயுத பூஜைக்கு முந்தின வாரத்தில் ஒர்க்‌ஷாப்பில் விடுவதும் வீண். அங்கே எல்லா வண்டியும் வாட்டர் சர்வீசுக்கு வரிசையில் நிற்கும்.

பிட் (இறங்கி நின்று அடியில் வேலை செய்யும் பள்ளம்) உள்ள ஒர்க்‌ஷாப்பில், துரு இல்லாத வண்டிக்கு ஒரு மணி நேரம் போதும். வீட்டு வாசலில் படுத்துச் செய்தால் அரை நாள். தூத்துக்குடிப் பக்கம் உப்பு ஏற்றுகிற வண்டி, நாகப்பட்டினம், ராமேஸ்வரம் பக்கம் மீன் பெட்டி ஏற்றுகிற வண்டி என்றால் ஒரு முழு நாளை ஒதுக்குங்கள். ஐஸ் உருகிய உப்புத் தண்ணீர் ஒழுகி ஒழுகி, ஷாக் போல்ட்டும் புஷ்ஷின் உள்குழாயும் ஒரே இரும்பாகிப் போயிருக்கும்.

எந்த வண்டியானாலும் முந்தின நாள் சாயங்காலமே நாலு நட்டையும் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துத் துரு இளக்கும் ஸ்பிரேயை அடித்து வையுங்கள். ராத்திரி முழுக்க ஊறட்டும். காலையில் இன்னொரு தடவை அடியுங்கள்.

5. எடுத்து வைக்க வேண்டியவை

ரிங் ஸ்பேனரும் சாக்கெட்டும் ஒரே அளவில் இரண்டு வேண்டும், ஒன்று நட்டுக்கு, ஒன்று போல்ட் தலைக்கு. 17, 19 எண்தான் வழக்கமாகத் தேவைப்படும். உங்கள் வண்டியில் முன்கூட்டியே மாட்டிப் பார்த்துவிடுங்கள். நீளமான கைப்பிடி அல்லது அதில் செருக ஒரு இரும்புக் குழாய், சுத்தியல், ஹேக்சா பிளேடு, கிரீஸ், சக்கரத்துக்கு வைக்க நாலு மரக்கட்டை. வண்டியைத் தூக்கப் போகிறீர்கள் என்றால் ஜாக்கி ஒன்று, ஸ்டாண்டு இரண்டு. டார்க் ரெஞ்ச் (இறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பேனர்) கிடைத்தால் நல்லது; எவ்வளவு இறுக்க வேண்டும் என்பது உங்கள் மாடலின் சர்வீஸ் புத்தகத்தில் இருக்கும்.

6. வண்டியை நிறுத்துவது

இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். ஹேண்ட் பிரேக் பிடிப்பது பின் சக்கரத்தை. கியரில் போட்டால் நிற்பதும் பின் சக்கரம்தான். பின்பக்கத்தைத் தூக்கிவிட்டால் இரண்டுமே உதவாது. ஒரு சக்கரத்தை மட்டும் தூக்கினாலும், தூக்கிய சக்கரம் சுற்றிக்கொடுக்குமே தவிர கியர் வண்டியைப் பிடித்து நிறுத்தாது. அதனால் முன் சக்கரம் இரண்டுக்கும் முன்னும் பின்னும் கட்டை வைக்காமல் ஜாக்கியைத் தொடவே கூடாது. தரை சமமாக, கெட்டியாக இருக்க வேண்டும். வெறும் ஜாக்கியை நம்பி அடியில் போகாதீர்கள். செங்கல், ஹாலோ பிளாக் எதையும் முட்டுக் கொடுக்காதீர்கள், பாரத்தில் பொடிந்துவிடும்.

உண்மையில் தூக்கவே தேவையில்லை. பட்டை வண்டியில் சக்கரம் தரையில் இருக்கும்போதே ஷாக்கைக் கழற்றி மாட்டலாம். பிட்டில் விட்டோ, அடியில் நுழைய இடமிருந்தால் அப்படியே படுத்தோ செய்யுங்கள். பாதி ஆபத்தும் போகும், ஒன்பதாவது படியில் சொல்லப் போகிற பிரச்சினையும் வராது. தூக்கித்தான் ஆக வேண்டும் என்றால், ஸ்டாண்டைச் சேசிசுக்கு அடியில் வைக்காமல் ஆக்சில் ஹவுசிங்குக்கு (ஆக்சிலை மூடியிருக்கும் தடித்த இரும்புக் கூடு) அடியில், பட்டை உட்காரும் இடத்துக்குப் பக்கத்தில் இரண்டு புறமும் வையுங்கள். அப்போது வண்டியின் எடை பட்டை மேலேயே இருக்கும், ஆக்சில் தொங்காது.

7. பழையதைக் கழற்றுவது

ஒரு பக்கத்தை முழுக்க முடித்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போங்கள். சேசிசைத் தூக்கி வைத்துக்கொண்டு இரண்டு ஷாக்கையும் ஒரே நேரத்தில் கழற்றினால் ஆக்சில் இன்னும் கீழே இறங்கி, பிரேக் ஹோஸை இழுக்கும். சில மாடல்களில் லோடுக்கு ஏற்ப பின் பிரேக்கைக் கூட்டிக் குறைக்கும் வால்வின் கம்பி ஆக்சிலில் கோத்திருக்கும். அதை அசைக்காதீர்கள், அளவு மாறினால் பிரேக் மாறும்.

கீழ் நட்டை முதலில் கழற்றுங்கள், அப்புறம் மேல் நட். வாஷர்கள் எந்த வரிசையில், எந்தப் பக்கம் பார்த்து இருந்தன என்று போனில் ஒரு படம் எடுத்துவிட்டுக் கழற்றுங்கள். நட் அசையவில்லை என்றால் உடனே குழாயைச் செருகித் தொங்காதீர்கள். முதலில் கொஞ்சம் இறுக்குகிற பக்கம் தள்ளி, அப்புறம் திருப்புங்கள். துரு விட்டுக்கொடுக்கும். மேல் முனை சேசிசோடு வெல்டிங் செய்த இரும்பு முளையில் மாட்டுகிற மாதிரி இருந்தால் இரட்டைக் கவனம் வேண்டும். போல்ட் முறிந்தால் கடையில் வாங்கிக்கொள்ளலாம். அந்த முளை முறிந்தால் லேத், வெல்டிங் என்று அன்றைய நாள் போய்விடும்.

நட் வந்தும் வளையம் வரவில்லையா? ரப்பரை ஹேக்சாவால் அறுத்து வளையத்தை எடுத்துவிட்டு, மிஞ்சிய உள்குழாயை நீளவாக்கில் கீறிப் பிளந்துவிடலாம். பழைய ஷாக்தானே, போனால் போகட்டும். கேஸ் கட்டிங் வைத்துச் சுடச் சொல்வார்கள், ஒத்துக்கொள்ளாதீர்கள். மூடிய குழாய்க்குள் ஆயிலும், சிலவற்றில் அழுத்தத்தோடு வாயுவும் இருக்கிறது, சூட்டில் வெடிக்கும். கிரைண்டர் வைத்தால் டீசல் டேங்க், டீசல் பைப், பிரேக் ஹோஸ் மூன்றையும் ஈரச் சாக்கால் மூடிவிட்டுத்தான் தொடங்க வேண்டும்.

கழற்றிய ஷாக்கை ஒருமுறை அமுக்கி இழுத்துப் பாருங்கள். வழியில் எங்காவது பிடிப்பே இல்லாமல் "சொதக்" என்று இறங்கினால் நீங்கள் சந்தேகப்பட்டது சரிதான்.

8. புது ஷாக்கைத் தயார் செய்வது

பெட்டியிலிருந்து எடுத்து அப்படியே மாட்டக் கூடாது. கடையில் படுக்கப் போட்டிருப்பார்கள், ஆயிலுக்குள் காற்று புகுந்திருக்கும். வண்டியில் எப்படி நிற்குமோ அப்படி நேராக நிறுத்தி, முழுக்க அமுக்கி, மெதுவாக முழுக்க இழுங்கள். நாலைந்து தடவை செய்யுங்கள். முதல் இரண்டு தடவை நடுவில் ஒரு வெற்றிடம் தெரியும். அப்புறம் மேலிருந்து கீழ் வரை ஒரே சீரான பிடிப்பு வரும். வரவில்லை என்றால் மாட்டாமல் கடைக்கே கொண்டுபோங்கள். கேஸ் ஷாக் பட்டி கட்டி வரும். பட்டியை வெட்டியதும் தானாக விரியும், அதனால் முகத்துக்கு நேரே வைத்து வெட்டாதீர்கள்.

ராடை இடுக்கியாலோ பைப் ரெஞ்சாலோ பிடிக்கவே கூடாது. நகக்கீறல் அளவு கோடு விழுந்தாலும் அது ஒவ்வொரு முறையும் சீலை அறுக்கும்.

9. மாட்டுவதும் கடைசி இறுக்கும்

தூசி மூடியுள்ள அகலமான பகுதி மேலே, ஆயில் உள்ள உடம்பு கீழே. போல்ட்டில், புஷ்ஷின் ரப்பரில் படாமல், லேசாகக் கிரீஸ் தடவுங்கள். ரப்பருக்குச் சோப்புத் தண்ணீர் போதும், கிரீசும் டீசலும் ரப்பரை ஊத வைக்கும். மேல் முனையை முதலில் கோத்து நட்டைக் கையால் திருகுங்கள், அப்புறம் கீழ் முனை. துளை சேரவில்லை என்றால் சுத்தியலால் அடிக்காமல் ஷாக்கை அமுக்கியோ இழுத்தோ சரிசெய்யுங்கள்.

புது ஷாக்கில் சத்தம் வருவது ஏன் என்பது இங்கேதான் இருக்கிறது. நட்டை இறுக்கியதும் புஷ்ஷின் உள்குழாய் பிராக்கெட்டோடு பூட்டிக்கொள்ளும். அதன் பிறகு ஷாக் அசையும்போதெல்லாம் நடுவில் உள்ள ரப்பர்தான் முறுக்கிக்கொடுக்கும். வண்டியைச் சேசிசில் தூக்கி, சக்கரம் தொங்கும்போதே முழுக்க இறுக்கிவிட்டால், கீழே இறக்கியதுமே ரப்பர் ஒரு பக்கம் முறுக்கிய நிலையில் நிற்கும். லோடு ஏற்றினால் இன்னும் முறுக்கும். கொஞ்ச நாளில் கிழியும். என் வண்டியை விட்ட ஒர்க்‌ஷாப்பில் இப்படித்தான் செய்தார்கள். கிழிந்த புஷ்ஷைக் காட்டியபோது "ஓவர்லோடு சார்" என்று சொல்லிவிட்டார்கள். ஷாக்குக்கு ஒன்றும் ஆகவில்லை, ரப்பர் மட்டும் ஒரே பக்கமாகப் பிய்ந்து கிடந்தது.

ஆகவே வண்டி தன் எடையோடு சக்கரத்தில், அல்லது ஹவுசிங்குக்கு அடியில் வைத்த ஸ்டாண்டில் உட்கார்ந்திருக்கும்போதுதான் கடைசி இறுக்கு. ஒர்க்‌ஷாப்பில் விட்டாலும் இந்த ஒன்றை வேலை தொடங்கும் முன்பே சொல்லிவிடுங்கள்: "அண்ணே, ஃபைனல் டைட் கீழ இறக்கின பிறகு பண்ணுங்க." இம்பாக்ட் கன்னால் (நட்டை வேகமாக இறுக்கும் மெஷின்) ஒரே அடியாக அடிப்பதையும் தடுத்துவிடுங்கள். கூம்பு ரப்பரும் வட்ட வாஷரும் வருகிற வகையாக இருந்தால், ரப்பர் வாஷரின் விளிம்பு வரை பிதுங்கினால் போதும். அதற்கு மேல் நசுக்கினால் கிழியும்.

10. ஓட்டிப் பார்ப்பது

முதலில் காலி வண்டியில், தெரிந்த ஒரு வேகத்தடை மேல் மெதுவாக ஏற்றி இறக்குங்கள். பின்பக்கம் ஒருமுறை எழுந்து உடனே அடங்க வேண்டும். அப்புறம் அடியில் பார்த்து ஷாக் எங்கும் உரசவில்லை, பிரேக் பைப்பும் ஹேண்ட் பிரேக் கேபிளும் விலகி நிற்கின்றன என்று உறுதி செய்யுங்கள். அடுத்த நாள் வழக்கமான லோடோடு போய் வந்து மறுபடி பாருங்கள். காலியில் முன்பைவிட விறைப்பாகத் தெரியும், அது சரிதான்.

ஒரு 500 கிலோமீட்டர் ஓடியதும் நாலு நட்டையும் ஸ்பேனர் வைத்துப் பாருங்கள், சக்கரம் தரையில் இருக்கும்போதே. திட்டுத் திட்டாகத் தேய்ந்த டயர் புது ஷாக்கால் சரியாகாது, அந்த "வொய்ங்" சத்தம் டயர் மாற்றும் வரை இருக்கும். அதை வைத்து ஷாக்கைக் குறை சொல்ல வேண்டாம். பழைய ஷாக் இரண்டையும் இரும்புக் கடையில் போடும்போது, கேஸ் ஷாக் என்றால் அதைச் சொல்லிவிட்டுப் போடுங்கள். தெரியாமல் அறுக்கப்போய் அங்கே யாருக்காவது அடிபடும்.